நெட்வொர்க் பிரிண்டரில் டெக்ஸ்ட் ஃபைல்: எடைமேடைச் சீட்டு ஏன் படிக்கட்டு இறங்குகிறது?

கேட்டவர் கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதும் தம்பி. அவர் சொன்னதன் சுருக்கம் இது. வருசக்கணக்காக உழைத்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை ஓரங்கட்டிவிட்டு, முதலாளி ஒரு நெட்வொர்க் லேசர் பிரிண்டர் வாங்கிப் போட்டிருக்கிறார். எடைமேடையில் இருப்பது லினக்ஸ் கணினி. அங்கிருந்து வரும் சீட்டில் ஒவ்வொரு வரியும், முந்தின வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே ஆரம்பித்து வலப்பக்கமாகச் சரிந்து போகிறது. கடைசித் தாள் பிரிண்டருக்குள்ளேயே நின்றுவிடுகிறது, பொத்தானை அமுக்கினால்தான் வருகிறது. ஆபீசில் விண்டோஸ், அதில் ஃபாக்ஸ்புரோ என்ற டாஸ் காலத்து மென்பொருளில் எழுதின பழைய கணக்கு நிரல். டே புக் அடித்தால் ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் எட்டு வரி மட்டும் உள்ள இன்னொரு தாள் வருகிறது. தொகையில் பைசாவைக் காணோம். விவசாயி பேரைத் தமிழில் போட்டால் குப்பை. கரண்டு போய் வந்தால் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’. "சவத்தக் குடுத்துட்டு வேற வாங்கிரலாமா அண்ணாச்சி?" என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. நீங்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பிரிண்டரின் கோளாறு இல்லை. வேறு பிரிண்டர் வாங்கினாலும் இதே கூத்துதான் நடக்கும்.

டெக்ஸ்ட் ஃபைல் என்பது வெறும் எழுத்து வரிசை. என்ன எழுத்துரு, எவ்வளவு பெரிது, தாள் எவ்வளவு நீளம், ஓரம் எவ்வளவு, ஒன்றும் அதில் கிடையாது. அதையெல்லாம் யாராவது முடிவு பண்ணித் தாளில் வரைந்தாக வேண்டும். ஒன்று, பிரிண்டரே வரைய வேண்டும். இல்லை, கணினி டிரைவர் என்ற இணைப்பு நிரல் வழியாக வரைந்து, முடிந்த பக்கமாக அனுப்ப வேண்டும். உங்கள் பழைய டாட் மேட்ரிக்ஸ் முதல் வகை: எழுத்தைக் கொடுத்தால் தானே அடித்துக்கொள்ளும். ஃபாக்ஸ்புரோவும் அதை நம்பியே எழுதப்பட்டது. இப்போது கணினி பழையபடி வெறும் எழுத்தைத் தள்ளுகிறது, புதுப் பிரிண்டருக்கோ பழையதன் பழக்கவழக்கம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ‘இதை யார் வரைவது’ என்று முதலில் தீர்மானியுங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் உள்ள கணக்கு என்றால் பிரிண்டரே வரையட்டும். தமிழ் இருந்தால் கணினிதான் வரைய வேண்டும், அதில் பேரம் கிடையாது.

முதலில் உங்கள் பிரிண்டருக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமா என்று பார்ப்போம். எல்லா லேசருக்கும் தெரியாது. நம்மூரில் பத்திரம் எழுதுகிற இடம், ஜெராக்ஸ் கடை என்று எங்கே போனாலும் இருக்கிற கேனான் எல்பிபி 2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 இரண்டும் கணினி வரைந்து கொடுத்தால்தான் அச்சடிக்கும் வகை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, விலை குறைவதற்கு அதுதான் காரணம். ஆனால் வெறும் எழுத்தை அனுப்பினால் அவை தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். உங்கள் பிரிண்டரின் மெனுவில் போய் கான்ஃபிகரேஷன் பக்கம் ஒன்றை அச்சிடுங்கள். அதில் மொழி என்று ஒரு பகுதி இருக்கும், பிரிண்டருக்குப் புரியும் கட்டளை மொழிகளின் பெயர் அங்கே இருக்கும். பிசிஎல் 5 என்று இருந்தால் நிம்மதி, நேரடியாக எழுத்து அடிக்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட் மட்டும் இருந்தால் வெறும் எழுத்தைப் புரியாத கட்டளை என்று தள்ளிவிடும். எப்சன் எஃப்எக்ஸ் 850 என்றோ ஐபிஎம் புரோபிரிண்டர் என்றோ ஒரு எமுலேஷன் இருந்தால் உங்கள் பாடு கொண்டாட்டம்: மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் லேசர் டாட் மேட்ரிக்ஸாக நடிக்கும், பழைய நிரலில் பெரும்பாலும் கை வைக்கவே வேண்டாம். பிரதர், கியோசெரா மாடல்கள் சிலவற்றில் இந்த வசதி உண்டு. இனி வாங்குபவர்கள் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள் என்பேன்.

உங்களுடையது வரி சரிந்தாவது எழுத்து அடிக்கிறது. அப்படியென்றால் வாசிக்கத் தெரிந்த பிரிண்டர்தான், அநேகமாக பிசிஎல்.

கணினியிலிருந்து பிரிண்டருக்குப் போக மூன்று வழி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ‘போர்ட்’ என்று ஒரு வாசல் எண். போர்ட் 9100 என்பது நேர்வழி, குழாயில் தண்ணீர் விடுவது மாதிரி: போட்டது போட்டபடி போய்ச் சேரும். போர்ட் 515 எல்பிஆர். இது பழைய யூனிக்ஸ் வழி, இதில் ‘கியூ’, அதாவது வேலை வரிசையின் பெயர் ஒன்று கொடுக்க வேண்டும். போர்ட் 631 ஐபிபி, புதிய வழி. டெக்ஸ்டுக்கு நான் 9100ஐத்தான் எடுப்பேன், ஏனென்றால் சோதிப்பது எளிது. டெல்நெட் என்ற நிரல் மூலம் பிரிண்டரின் ஐபி எண்ணுக்கு, அதாவது அதன் நெட்வொர்க் முகவரிக்கு, 9100 போட்டு நுழைந்து, நாலு வரி தட்டி, இணைப்பைத் துண்டித்துவிட்டு, தாள் உள்ளே நின்றால் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். எழுத்து வந்தால் கம்பியும் ஐபியும் பிரிண்டரும் சரி, மிச்சக் கோளாறெல்லாம் கணினிப் பக்கம். அரை நாள் அலைச்சலை இந்த இரண்டு நிமிடம் மிச்சப்படுத்தும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: 9100க்குப் பூட்டு கிடையாது, கடவுச்சொல் கிடையாது. ஆலைக்கு வெளியே இணையத்தில் அதைத் திறந்து வைத்துவிடாதீர்கள்.

படிக்கட்டுக்கு வருவோம். பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த காலம் உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். வரி முடிந்ததும் இடப்பக்க நெம்புகோலைத் தள்ளுவோம். அந்த ஒரு தள்ளலில் இரண்டு வேலை நடக்கும்: உருளை ஒரு வரி சுழலும், வண்டி ஆரம்பத்துக்குத் திரும்பும். டெலிபிரிண்டர் காலத்தில் இந்த இரண்டையும் தனித்தனிக் குறியாக்கிவிட்டார்கள். வண்டி திரும்புவது 13, தாள் ஒரு வரி ஏறுவது 10. டாஸும் விண்டோஸும் வரி முடிவில் இரண்டையும் எழுதும். லினக்ஸ் 10ஐ மட்டும் எழுதும். உங்கள் எடைமேடைக் கணினி 10 மட்டும் அனுப்புகிறது. பிரிண்டரும் சொன்னதைச் செய்கிறது: தாளை ஒரு வரி ஏற்றுகிறது, வண்டியைத் திருப்பு என்று யாரும் சொல்லாததால் நின்ற இடத்திலிருந்தே எழுதுகிறது. லாரி எண், மொத்த எடை, காலி எடை என்று ஒவ்வொன்றும் ஒரு படி இறங்கி, நிகர எடை வரும்போது தாளின் வலது ஓரத்தைத் தாண்டிவிடுகிறது.

இதற்கு வைத்தியம் பல. லினக்ஸில் கப்ஸ்தான் அச்சுப் பொறுப்பு. நீங்களோ, நிறுவினவரோ பிரிண்டரைச் சேர்க்கும்போது ‘ரா’, அதாவது வந்ததை வந்தபடியே தள்ளு, என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள். டிரைவர் கிடைக்காத அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான். அதை அழித்துவிட்டு அந்த மாடலுக்குரிய டிரைவரோடு, இல்லையென்றால் பொதுவான பிசிஎல் டிரைவரோடு மறுபடி சேருங்கள். அப்போது கப்ஸ் டெக்ஸ்ட் ஃபைலைத் தானே பக்கமாக வரைந்து அனுப்பும். படிக்கட்டும் போகும், கடைசித் தாள் நிற்பதும் போகும். எழுத்து நெருக்கம் வேண்டுமென்றால் அங்குலத்துக்கு எத்தனை எழுத்து, எத்தனை வரி என்று அச்சிடும் கட்டளையிலேயே சொல்லலாம். எடைமேடை நிரல் ராவாகத்தான் அனுப்பும் என்று அடம்பிடித்தால், அனுப்புவதற்கு முன் ஃபைலை யூனிக்ஸ்2டாஸ் என்ற குட்டி நிரல் வழியாக விடுங்கள். அது ஒவ்வொரு 10க்கு முன்னும் ஒரு 13 சேர்க்கும்.

இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாது. ஹெச்பி ஜெட்டைரக்ட் என்ற நெட்வொர்க் பலகை உள்ள பிரிண்டர்களில் எல்பிஆர் வழியாகப் போகும்போது ‘ரா’ என்று ஒரு கியூவும் ‘டெக்ஸ்ட்’ என்று ஒரு கியூவும் ஏற்கெனவே இருக்கும். டெக்ஸ்ட் கியூவுக்கு அனுப்பினால் விட்டுப்போன 13ஐ அதுவே போட்டுக்கொள்ளும். கியூ பெயரை மாற்றுவதோடு வேலை முடிந்தது.

பிரிண்டரிடமே சொல்லிவிடுகிற வழியும் இருக்கிறது. பிசிஎல் கட்டளைகளை எண்ணாகவே தருகிறேன். புத்தகங்களில் எழுத்தாகத்தான் போட்டிருப்பார்கள், ஆனால் ஆங்கிலத்தில் சின்ன எல்லும் எண் ஒன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்து நிறையப் பேரைக் கவிழ்த்திருக்கின்றன, என்னையும் சேர்த்து. எண்ணில் எல் 108, ஒன்று 49, குழப்பமே இல்லை. ஃபைலின் ஆரம்பத்தில் 27 38 107 50 71 என்ற ஐந்து பைட் போனால், ‘இனிமேல் 10 வந்தால் 13ம் சேர்ந்து வந்ததாக வைத்துக்கொள்’ என்று அர்த்தம். முடிவில் 12 போனால் தாளை வெளியே தள்ளு என்று அர்த்தம். உங்கள் கடைசித் தாள் நிற்பதற்குக் காரணம் அந்த 12 இல்லாததுதான். லேசர் பக்கம் பக்கமாக அச்சிடும் யந்திரம். பக்கம் நிறையவில்லை, முடிந்தது என்றும் யாரும் சொல்லவில்லை என்றால் இன்னும் வரும் என்று காத்துக்கொண்டிருக்கும்.

இனி ஆபீஸ் கணினி. விண்டோஸ் 64 பிட்டாக இருந்தால் டாஸ் ஃபாக்ஸ்புரோ அதில் நேராக ஓடாது. அப்படியானால் டாஸ்பாக்ஸ், விடாஸ் மாதிரி, டாஸாக நடிக்கும் நிரல் ஒன்றுக்குள் ஓடிக்கொண்டிருக்கும், பிரிண்டரை எங்கே அனுப்புவது என்று அதனுடைய அமைப்பு ஃபைலில்தான் பார்க்க வேண்டும். 32 பிட் என்றால் பழைய பாதை: பிரிண்டரை விண்டோஸில் சேர்த்து, ஷேர் பண்ணி, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1ஐ, அதாவது டாஸ் நிரல்கள் அச்சுக்கு அனுப்பும் பழைய பேரலல் வாசலை, அந்த ஷேர் பெயருக்குத் திருப்பிவிட வேண்டும். நிரந்தரமாக வை என்பதையும் அதே கட்டளையில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் காலையில் கணினியைப் போட்டதும் அச்சு வராது.

பிரிண்டரைச் சேர்க்கும்போது ஒரே பிரிண்டரை இரண்டு பெயரில் இரண்டு தடவை சேருங்கள். இதுதான் இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. இரண்டுக்கும் ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட், ஒரே ஐபி, 9100. முதலாவதற்கு டிரைவர் ‘ஜெனெரிக், டெக்ஸ்ட் ஒன்லி’, பெயர் ‘கணக்கு’ என்று வையுங்கள். இரண்டாவதற்கு பிரிண்டரோடு வந்த முழு டிரைவர், பெயர் ‘தமிழ்’. ஃபாக்ஸ்புரோ போவது கணக்குக்கு. மற்றதெல்லாம் தமிழுக்கு. யார் வரைவது என்ற கேள்விக்கு இந்த இரண்டு பெயர்தான் பதில். கணக்கின் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் பிரிண்ட் ப்ராசஸர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதற்குள் ரா என்ற பெயரிலேயே மூன்று வகை இருக்கும். ‘எஃப்எஃப் ஆட்டோ’ என்று முடிவதைத் தேர்ந்தெடுங்கள். வேலையின் முடிவில் 12 இல்லையென்றால் விண்டோஸே சேர்த்துவிடும்.

அந்த எட்டு வரி கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. டாட் மேட்ரிக்ஸில் நீங்கள் போட்டது பத்துக்குப் பன்னிரண்டு தொடர்தாள்தானே? பன்னிரண்டு அங்குலம், அங்குலத்துக்கு ஆறு வரி, ஆக 72 வரி. ஃபாக்ஸ்புரோ 72 வரி எண்ணிப் பக்கத்தை முடிக்கிறது. ஏ4 தாள் 297 மில்லிமீட்டர், அதாவது 11.69 அங்குலம். பிசிஎல் மேலே அரை அங்குலம் கீழே அரை அங்குலம் விட்டுவிடும். மிச்சம் 10.69, அதை ஆறால் பெருக்கினால் 64 வரி. 72இல் 64 போக எட்டு. அந்த எட்டுதான் அடுத்த தாளில் அனாதையாக வருகிறது. பழைய தாள் பதினோரு அங்குலமாக இருந்திருந்தால் இரண்டு வரி மட்டும் வந்திருக்கும். எத்தனை வரி வழிகிறது என்று சொன்னாலே எந்தத் தாளுக்கு எழுதின நிரல் என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம்.

வரியின் உயரத்தைக் கொஞ்சம் நெருக்கினால் தீர்ந்தது. பிசிஎல் வரி உயரத்தை அங்குலத்தின் 48இல் ஒரு பங்கால் அளக்கும். ஆறு வரி என்பது 8 பங்கு. அதை 7 ஆக்கினால் 72 வரி பத்தரை அங்குலத்துக்குள் அடங்கிவிடும். எண்கள்: 27 38 108 55 67.

பைசா காணாமல் போவதும் இதே கணக்குதான், குறுக்குவாட்டில். அங்குலத்துக்குப் பத்து எழுத்து என்ற அளவில் ஏ4 தாளின் ஒரு வரியில் பிசிஎல் 78 எழுத்து போடும். உங்கள் நிரல் வரிக்கு 80 எழுத்து என்று எழுதினது. ஓரம் தாண்டின எழுத்தைப் பிரிண்டர் அடுத்த வரிக்கு மடிக்காது, வெட்டிவிடும். தொகை வலது ஓரத்தில் முடிவதால் வெட்டுப்படுவது கடைசி இரண்டு இலக்கம், அதாவது பைசா. நீங்கள் பைசா போனதைக் கவனித்தது நல்லது, கடைசிப் பத்தியில் வேறு எதாவது இருந்திருந்தால் மாதக்கணக்கில் தெரியாமலே போயிருக்கும். ஹெச்பி வகைப் பிரிண்டர்களின் மெனுவில் பிசிஎல் பகுதியில் ‘வைட் ஏ4’ என்று ஒன்று இருக்கும், அதை ‘யெஸ்’ ஆக்கினால் 80ம் வரும். மெனுவில் இல்லையென்றால் எழுத்தை அங்குலத்துக்குப் பன்னிரண்டாகச் சுருக்குங்கள்: 27 40 115 49 50 72.

வரிக்கு 132 எழுத்து உள்ள ரிப்போர்ட் ஏதாவது வைத்திருந்தால் அது வேறு கதை. டாட் மேட்ரிக்ஸின் கண்டென்ஸ்டு என்ற நெருக்கின எழுத்தில் அது எட்டு அங்குலத்தில் அடங்கிவிடும். ஏ4 லேசரில் அங்குலத்துக்கு 16.67 எழுத்து என்று போட்டாலும் இரண்டு மூன்று எழுத்து இடிக்கும். தாளைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள், 27 38 108 49 79, எழுத்து அங்குலத்துக்குப் பன்னிரண்டு. அகலம் அடங்கும், ஆனால் உயரத்தில் 43 வரிதான் கிடைக்கும். நிரல் எழுதினவரிடம் பக்கத்துக்கு 43 வரி என்று மாற்றச் சொல்லுங்கள். வரியை நெருக்கி 72ஐத் திணிக்கலாமே என்று கேட்பீர்கள். திணிக்கலாம், முதலாளிக்குப் பூதக்கண்ணாடியும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.

ஆக, கணக்கு ஃபைலின் தலையில் போக வேண்டிய வரிசை இது: எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர 27 69, தாள் ஏ4 என்று சொல்ல 27 38 108 50 54 65, அதன் பிறகு வரி உயரம், எழுத்து அளவு. வாலில் மறுபடி ஒரு 27 69. அது பாதிப் பக்கம் தங்கியிருந்தால் வெளியே தள்ளி, அடுத்தவர் வேலைக்குப் பிரிண்டரைச் சுத்தமாக விட்டுவைக்கும். ஃபாக்ஸ்புரோவில் எண்ணைக் கொடுத்தால் அந்த பைட்டைத் தரும் சார்பு இருக்கிறது. நிரல் எழுதினவரிடம் இந்த எண்களைக் கொடுத்தால் கால் மணி நேர வேலை.

இங்கே ஒரு கண்ணிவெடி இருக்கிறது, நான் மிதித்திருக்கிறேன். டவுனில் ரத வீதிப் பக்கம் ஒரு மொத்த மளிகைக் கடை. பில்லில் கூட்டுத்தொகை வரிக்கு முன்னால் தாள் வெளியே வந்துவிடும், கூட்டுத்தொகை மட்டும் அடுத்த தாளில் தனியாக நிற்கும். தாள் நீளம், ஓரம், எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஃபைலை பைட் பைட்டாகத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: கூட்டுத்தொகைக்கு முன்னால் 27 69 இருந்தது. டாட் மேட்ரிக்ஸின் எப்சன் மொழியில் 27 69 என்றால் ‘இனி தடித்த எழுத்து’. பிசிஎல்லில் அதே 27 69 என்றால் ‘எல்லாவற்றையும் மறந்துவிடு, இருக்கிற தாளைத் தள்ளு’. கூட்டுத்தொகை எடுப்பாகத் தெரியட்டும் என்று எவரோ ஆசையாகப் போட்ட தடித்த எழுத்து, லேசருக்கு வேறு மொழியில் கேட்டிருக்கிறது. உங்கள் டே புக்கிலும் ஆலைப் பெயரோ கூட்டுத்தொகையோ தடித்து வருகிறதா என்று பாருங்கள். தாளின் உச்சியில் இருக்கிற ஆலைப் பெயருக்குத் தாள் வெளியே வராது, அங்கே இன்னும் எதுவும் அச்சாகவில்லையே. ஆனால் நீங்கள் தலையில் போட்ட வரி உயரமும் எழுத்து அளவும் சத்தமில்லாமல் அழிந்துபோகும். நிரலில் தடிப்பை ஆரம்பிக்கிற இடத்தில் 27 40 115 51 66, முடிக்கிற இடத்தில் 27 40 115 48 66 என்று மாற்றச் சொல்லுங்கள்.

தமிழ். இதில் குறுக்குவழி தேடி நான் வீணாக்கின நாட்கள் அதிகம், நீங்கள் வீணாக்க வேண்டாம். யூனிகோடு தமிழ் ஒவ்வொரு குறிக்கும், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில், மூன்று பைட் எடுக்கும். ‘நெல்’ என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டு எழுத்து. உள்ளே ந, ஒற்றைக் கொம்பு, ல, புள்ளி என்று நான்கு குறி, பன்னிரண்டு பைட். பிரிண்டர் பைட்டுக்கு ஓர் எழுத்து என்று பழகினது, ஆகவே பன்னிரண்டு கோணல் எழுத்து அடிக்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட் 224, அடுத்தது 174 அல்லது 175. பழைய டாஸ் எழுத்துப் பட்டியலில் 224 கிரேக்க ஆல்பா, 174ம் 175ம் இரட்டை அம்புக்குறி. விவசாயி பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆல்பாவும் அம்புமாக வரிசை கட்டி நின்றால் அது யூனிகோடு தமிழ் என்று கண்டுகொள்ளலாம். பத்தி ஒழுங்கும் கெடும்: இரண்டு எழுத்துக்கு விட்ட இடத்தில் பன்னிரண்டு போனால் எடையும் தொகையும் எங்கேயோ தள்ளிப் போய்விடும். ஃபைலின் உச்சியில், இடது மூலையில், சம்பந்தமில்லாமல் மூன்று எழுத்து நின்றால் அது பிஓஎம் என்ற யூடிஎஃப்-8 அடையாளக் குறி: 239 187 191. ஃபைலைச் சேமிக்கும்போது ‘பிஓஎம் இல்லாமல்’ என்று தேர்ந்தெடுத்தால் போய்விடும்.

கொம்பை எழுத்துக்கு முன்னால் தூக்கி வைப்பது, புள்ளியைத் தலையில் வைப்பது, உகரத்தை ஒட்டுவது எல்லாம் கணினியில் எழுத்துருவும் அதை இயக்கும் பொறியும் சேர்ந்து செய்கிற வேலை. வழக்கமான அலுவலக லேசருக்குள் அது இல்லை. அதனால்தான் சொல்கிறேன், விவசாயிக்குக் கொடுக்கும் ரசீது ‘தமிழ்’ பெயருக்கே போகட்டும். நோட்பேடில் திறந்து அச்சிட்டாலே விண்டோஸ் நிர்மலாவையோ லதாவையோ எடுத்துச் சரியாக வரைந்துவிடும். ஆள் திறக்காமலே நடக்க வேண்டுமென்றால் நோட்பேட் கட்டளையோடு அச்சிடு என்ற குறியைச் சேர்த்து ஃபைல் பெயரைக் கொடுக்கலாம், அது டிஃபால்ட் பிரிண்டருக்குப் போகும். எனவே டிஃபால்ட்டாக ‘தமிழ்’ இருக்கட்டும். லினக்ஸ் பக்கம் பேப்ஸ் என்ற நிரல் இதே வேலையைச் செய்யும்.

ஆனால் தமிழ் எழுத்துக்கள் ஒரே அகலம் இல்லை. ‘ணை’க்கும் ‘ர’வுக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். இடைவெளி விட்டுப் பத்தி பிரித்தால் வரிக்கு வரி ஆடும். நான் கண்டுபிடித்த எளிய வழி: பேரைக் கடைசியில் போடுங்கள். முதலில் சீட்டு எண், மூட்டை, எடை, தொகை. எல்லாம் எண், ஒரே அகலம், வரிசையாக நிற்கும். வரியின் கடைசியில் பேர், அது எவ்வளவு நீண்டாலும் யாரையும் இடிக்காது. "பேரு முன்னால இல்லாட்டா மரியாதை இல்ல" என்று ஒரு முதலாளி கோபித்தார். அவருக்கு மட்டும் டெக்ஸ்டை விட்டுவிட்டு ஹெச்டிஎம்எல் அட்டவணையாக மாற்றிக் கொடுத்தேன், பிரௌசரில் அச்சிடுகிறார். கொஞ்சம் செலவழித்தால் அதுதான் சிறந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பேர்கள் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக் குறியில் இருந்தால், எந்தப் பிரிண்டருக்கும் அனுப்புமுன் யூனிகோடாக மாற்றியாக வேண்டும். என்ஹெச்எம் கன்வர்ட்டர் இதற்குப் போதும்.

‘ஆஃப்லைன்’ விஷயம் சின்னது. கரண்டு வந்ததும் பிரிண்டரும் ரவுட்டரும் ஒரே நேரத்தில் எழும். பிரிண்டர் முந்திக்கொண்டு ஐபி கேட்டால் கொடுக்க ரவுட்டர் இன்னும் விழித்திருக்காது. உடனே பிரிண்டர் தானாக 169.254 என்று ஆரம்பிக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். அல்லது ரவுட்டர் பழையதை வேறு கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டு, பிரிண்டருக்குப் புதியதைக் கொடுக்கும். விண்டோஸோ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் இடியும் மழையுமாக ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்டு போனால் நாலு தடவை இதே கதை. ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எண்கள் 150 வரை என்றால், பிரிண்டரின் மெனுவில் கையால் 192.168.1.200 என்று போட்டுவிடுங்கள், உங்கள் ரவுட்டரின் முதல் மூன்று எண்ணுக்கு ஏற்றாற்போல. விண்டோஸில் போர்ட் அமைப்பில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். நலமா என்று கேட்டு பதில் வராவிட்டால், பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டுவது அதன் வேலை. ரவுட்டரையும் சுவிட்சையும் யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். லேசரை மாட்டாதீர்கள், சூடேறும்போது அது இழுக்கிற கரண்டைச் சின்ன யூபிஎஸ் தாங்காது.

கடைசியாக, அந்த டாட் மேட்ரிக்ஸ். எடைமேடைச் சீட்டு மூன்று நகல் கொடுப்பீர்கள், லாரிக்காரருக்கு ஒன்று, விவசாயிக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. கார்பன் தாளில் ஊசி குத்தினால்தான் மூன்றும் ஒரே தடவையில் விழும், லேசர் மூன்று தாள் தனித்தனியாகத்தான் அடிக்கும். அதிலும் எடைமேடை அறையில் தவிட்டுத் தூசி பறக்கும், லேசரை அங்கே வைத்தால் சீக்கிரம் சர்வீஸ்காரரைக் கூப்பிட வேண்டிவரும். பேரலல் கேபிளை மாட்டுகிற சின்ன பிரிண்ட் சர்வர் பெட்டி கிடைக்கும், அவற்றில் பலவும் 9100இல் கேட்கும். பழையதைத் துடைத்து, ரிப்பன் மாற்றி, எடைமேடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லினக்ஸின் 10 அங்கேயும் படிக்கட்டு இறங்கினால், அந்த யூனிக்ஸ்2டாஸை அங்கேயும் போட்டுக்கொள்ளுங்கள். லேசர் ஆபீசில் இருக்கட்டும். இரண்டின் ஐபி எண்ணையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி அந்தந்தப் பிரிண்டரின் நெற்றியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை நீங்கள் போன் பண்ணும்போது நான் முதலில் கேட்பது அதைத்தான்.